பன்னிரண்டு மணிப் பசி

கந்தசஷ்டி ஆறு நாளும் அம்மாவுக்குப் பகலில் தண்ணீர் மட்டும்தான். இரவில் ஒரு தம்ளர் பாலும் ஒரு கதலி வாழைப்பழமும். ஆறாம் நாள் அதுவும் இல்லை. மறுநாள் காலைப் பாறணைக்குத்தான் வாயில் சோறு. வயது 71. பிரஷருக்கு ஒரு குளிசை போடுகிறார், வேறு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் "இந்த முறை வேண்டாம் அம்மா" என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்டதே இல்லை.

2024 ஐப்பசியில் விரதத்தின் மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினியில் சோற்றுக் கோப்பையோடு இருந்தேன். அவர் எதிரே இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

"பசிக்கேல்லையே அம்மா?"

"பன்னெண்டு மணிக்கு வயித்தைப் பிடுங்கும். ஒண்டரை தாண்டினா அது தன்பாட்டில போயிடும். பிறகு அஞ்சு, ஆறு மணிக்கு ஒருக்கா வரும். அதுவும் கொஞ்ச நேரந்தான்."

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் விஞ்ஞான ரீச்சர். பசி என்றால் வயிறு காலி என்று அர்த்தம், இவ்வளவுதான் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது சரியென்றால் முதல் நாளிரவு தொடங்கிக் காலியாகவே கிடக்கும் வயிற்றில் பசி ஏறிக்கொண்டே போக வேண்டும். மத்தியானம் ஒன்றரைக்கு ஏன் இறங்குகிறது?

இதற்கு விடை கிரெலின் என்ற ஓமோனில் இருக்கிறது. 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்தது. அதுவரை இரைப்பையைச் சாப்பாட்டை அரைத்து அமிலம் ஊற்றும் பையாகத்தான் நினைத்திருந்தோம். அது மூளைக்குக் கடிதம் எழுதும் என்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. கிரெலின் இரத்தத்தில் ஏறி மூளையில் பசியைக் கவனிக்கும் பரிவகக்கீழ் என்ற பகுதிக்குப் போய் "சாப்பாடு கொண்டு வா" என்கிறது. சாப்பிட்டதும் இறங்குகிறது. விசேஷம் என்னவென்றால், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே அது ஏறத் தொடங்கிவிடும். 33 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்த ஆறு பேரின் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. காலை, மதியம், மாலை என்று சாப்பாட்டு நேரங்களில் கிரெலின் ஏறியிருக்கிறது. யாரும் ஒன்றும் கொடுக்காமலே தானாக இறங்கியும் இருக்கிறது. அம்மா சஷ்டிக்குச் சஷ்டி கண்டுபிடித்து வைத்திருந்ததைத்தான் அவர்கள் ஊசி குத்தி உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

சரி, நான் எழுத வந்தது அம்மாவின் விரதத்தைப் பற்றி அல்ல, என் வண்டியைப் பற்றி. (யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் பேச்சில் வண்டி என்றால் வயிறு.)

2023 தையில் ஒரு கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். 78 கிலோ. உயரம் 157 சென்ரிமீற்றர். உடற்திணிவுச் சுட்டி (BMI) 31.6. எங்கள் ஆசிய உடம்புகளுக்கு 23இலேயே ஆபத்து தொடங்குகிறது, 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004இலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கில் நான் எப்போதோ எல்லை கடந்தவள். என் பழைய மாணவர்களின் வயதுகூட இல்லாத டொக்டர் கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: "ரீச்சர், நீங்களே படிப்பிக்கிறனீங்கள், உங்களுக்குத் தெரியாததே? சோத்தைக் குறையுங்கோ, வாயைக் கட்டுங்கோ."

கட்டினேன். காலையில் மூன்று இடியப்பம், சொதி. மதியம் ஒரு அகப்பைச் சோறு. இரவில் பப்பாசிப்பழம், சில நாட்களில் அதுவும் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்குத் திரும்பியபோது வாங்கிய சைக்கிள் சுவரில் சாத்திக் கிடந்தது, அதைத் துடைத்து எடுத்துக் கோண்டாவிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஐந்து மாதத்தில் 67 கிலோ. நல்லூரடியில் கண்டவர்கள் எல்லோரும் நிறுத்திக் கேட்டார்கள். "என்ன ரீச்சர், நல்லா மெலிஞ்சிட்டியள், என்ன செய்தனீங்கள்?" நானும் பெரிய தவசி மாதிரி, "ஒண்டுமில்லை, மனக்கட்டுப்பாடுதான்" என்று சொல்லித் திரிந்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பிறகு வந்தது பசி. முன்பு நான் அறிந்திருந்த பசி இல்லை இது. 78 கிலோவில் இருந்தபோது எனக்கு இப்படிப் பசித்ததே கிடையாது. வகுப்பில் கரும்பலகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது ஆசிரியர் அறையில் யாரோ பிரிக்கும் மாலு பணிஸின் வாசனை வரும், எழுதிக்கொண்டிருந்த சமன்பாடு மறந்துபோகும். ஆவணி மாத இரவு ஒன்றில், பதினொரு மணி இருக்கும், பிரிட்ஜைத் திறந்து ஆறிக் கல்லான புட்டை எடுத்து, சீனியைக் கொட்டி, நின்ற நிலையிலேயே தின்றுகொண்டிருந்தேன். குசினி லைற் எரிந்தது. வாசலில் அம்மா.

"வாயைக் கட்டத் தெரியாட்டி மெலிஞ்சு என்ன பிரியோசனம்?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது. 2024 ஆவணியில் நான் 76 கிலோ. நல்லூரடியில் இப்போது யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரிப் போகிறார்கள்.

என்ன நடந்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் கையில் பட்டது மெல்பேர்ணில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு. முதல் ஆசிரியரின் பெயர் பிரியா சுமித்திரன். என் வகுப்பு இடாப்பில் இருக்கக்கூடிய பெயர் என்பதால் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தேன் என்பது உண்மை. அதிக நிறையுள்ள 50 பேருக்கு பத்து வாரம் மிகக் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. அவர்கள் இரத்தத்தில் பசியோடு தொடர்புள்ள ஓமோன்களை அளந்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் கூடியிருந்தது. "போதும்" என்று சொல்லும் லெப்டின், பீவைவை (PYY), கோலிசிஸ்ரோகைனின் ஆகியவை குறைந்திருந்தன. இதுவரை ஆச்சரியம் இல்லை, பட்டினி கிடந்தால் உடம்பு பசியைக் கூட்டத்தானே செய்யும். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த பகுதி. 62ஆம் வாரத்தில், அதாவது டயற் முடிந்து ஒரு வருடம் கழித்து, திரும்ப இரத்தம் எடுத்தார்கள். அதற்குள் குறைந்ததில் சுமார் ஐந்தரை கிலோ திரும்ப ஏறிவிட்டிருந்தது. ஓமோன்கள் பழைய இடத்துக்கு வரவே இல்லை. அந்த மனிதர்களுக்குத் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகப் பசித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வருடம்! நான் அந்தப் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றது டயற் தொடங்கி எட்டாவது மாதம்.

இதற்கு முன்பே, 2002இல், அமெரிக்காவில் கமிங்ஸ் என்பவரின் குழு இன்னொன்றைக் காட்டியிருந்தது. ஆறு மாதச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் 17 சதவீத நிறை இழந்த 13 பேருக்கு, 24 மணி நேரத்தில் சுரக்கும் மொத்தக் கிரெலின் 24 சதவீதம் கூடியிருந்தது. கூடியதோடு அந்தச் சாப்பாட்டு நேர ஏற்றங்களும் உயர்ந்திருந்தன. அம்மாவின் பன்னிரண்டு மணி அலை எனக்கு மதில் உயரத்துக்கு எழும்பியிருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

லெப்டினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதன் கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும். 1949இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுகூடத்தில் எலிக்கூடுகளுக்குள் ஒரு சுண்டெலி மற்றவற்றைவிட மிதமிஞ்சிப் பருத்திருந்தது. எவ்வளவு போட்டாலும் தின்றது. அதே ஆய்வுகூடத்தில் டக்ளஸ் கோல்மன் பின்னர் அப்படிப் பருத்த எலியையும் சாதாரண எலியையும் உடம்போடு உடம்பாகத் தைத்து, இரண்டுக்கும் ஒரே இரத்த ஓட்டம் வரும்படி செய்து பார்த்தார். பருத்தது தின்பதைக் குறைத்தது. ஆகவே சாதாரண எலியின் இரத்தத்தில் "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது, பருத்த எலியிடம் அது இல்லை. அந்த ஏதோ ஒன்றின் பரம்பரையலகைப் பிடிக்க 1994 வரை ஆனது. பிடித்தவர் ஜெப்ரி பிரீட்மன். அந்த ஓமோனைச் சுரப்பது எது? கொழுப்பு. நாங்கள் வெறும் சுமை என்று ஏசிக்கொண்டிருந்த கொழுப்பிழையமே ஒரு சுரப்பி. "களஞ்சியத்தில் இவ்வளவு நெல் இருக்கிறது" என்று மூளைக்கு இடையறாது சொல்லிக்கொண்டிருப்பது.

1997இல் இங்கிலாந்தில் ஒரு எட்டு வயதுச் சிறுமி, 86 கிலோ. பிறப்பிலேயே லெப்டின் சுரக்காதவள். லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் அவளுடைய ஓயாத பசி அடங்கி நிறை இறங்கத் தொடங்கியது. உலகம் முழுக்க நம்பிக்கை: எல்லோருக்கும் இதைக் குத்தினால் சரிதானே? சரிவரவில்லை. எங்களைப் போன்ற சாதாரணப் பருமன்காரரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கனவே நிறைய இருக்கிறது. மூளைதான் காது கொடுப்பதில்லை. அம்மன் கோயில் லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பாட்டு கேட்காத மாதிரி. ஆனால் மெலியத் தொடங்கி லெப்டின் குறைந்ததும், அதை மட்டும் மூளை உடனே கேட்டுவிடுகிறது. "களஞ்சியம் காலியாகுது, பஞ்சம் வருது" என்று பசியைத் திறந்துவிடுகிறது; செலவைக் குறைக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்களுக்கு இது விளங்காத விஷயமா? அடுத்த கப்பல் எப்போது வரும் என்று தெரியாதபோது வீட்டில் சீனியை எப்படி எண்ணி எண்ணிப் போட்டோமோ, அந்த மாதிரிதான் உடம்பும்.

டொக்டர் சொன்ன "வாயைக் கட்டுங்கோ" என்பதில் வாயைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பாவம், கிளினிக்கில் அவருக்கு ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம்.

அப்படியானால் என்ன சாப்பிட்டாலும் ஒன்றுதானா? அதுதான் எனக்கு அடுத்து வந்த கேள்வி. நான் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கினேன். காலைச் சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு, திரும்பப் பசித்தது எத்தனை மணிக்கு. இரண்டு மாதம் எழுதினேன். இது விஞ்ஞானம் அல்ல, ஒரு ஆள், அதுவும் ஆசை பிடித்த ஆள். ஆனால் சில பக்கங்கள் திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்லின. காலை ஆறரைக்குப் பாணும் இடிச்ச சம்பலும் சாப்பிட்ட நாட்களில் பத்து மணிக்கு முன்னமே பசி. அவிச்ச கோதம்பை மாப் புட்டும் சீனியும் வாழைப்பழமும் என்றால் இன்னும் மோசம், ஒன்பதரை. இடியப்பமும் சொதியும் பத்தே கால், பத்தரை. குரக்கன் புட்டோடு அவித்த பயறும் ஒரு முட்டையும் சாப்பிட்ட நாட்களில் பதினொன்றே முக்கால். காய்ந்த பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற்புட்டும் மீன்கறியும் சாப்பிட்ட ஒரு சனிக்கிழமை பன்னிரண்டரை வரை ஞாபகமே வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு எதிரில் கொப்பியில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன்.

காரணம் குடலின் நீளத்தில் இருக்கிறது. சாப்பாடு இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் மேற்பகுதியில் விழும்போது, அதில் கொழுப்பும் புரதமும் இருந்தால் கோலிசிஸ்ரோகைனின் சுரந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. இன்னும் கீழே, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் பக்கத்தில்தான் பீவைவையும் ஜீஎல்பி-1 (GLP-1) என்ற ஓமோனும் சுரக்கும் கலங்கள் அதிகம். இவைதான் "போதும், கை கழுவு" என்று சொல்பவை. மாச்சத்தை நுணுக்கி அரைத்து, அவித்து, மென்மையாக்கி விழுங்கினால் அது மேலேயே சீனியாகி உறிஞ்சப்பட்டுவிடும். கீழே இருப்பவர்களுக்கு ஒரு சேதியும் போய்ச் சேராது. தவிடும் நாரும் உள்ள சாப்பாடு மெதுவாக இறங்கிக் கீழே வரை போகும். மிஞ்சிய நாரைப் பெருங்குடல் பற்றீரியாக்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் சிறு கொழுப்பமிலங்களும் அதே கலங்களைத் தட்டி எழுப்புகின்றன. ஒடியலில் நார் எவ்வளவு என்பதை அதைக் கடித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே எங்கள் ஊர்ப் பெருமை தலைக்கேறிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று. சிட்னியில் 1995இல் 38 சாப்பாடுகளை, ஒவ்வொன்றும் சுமார் 240 கலோரி அளவில் கொடுத்து, எது எவ்வளவு நேரம் வயிற்றை நிறைக்கிறது என்று இரண்டு மணி நேரம் கேட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்தால், முதலிடம் 323 புள்ளியோடு அவித்த உருளைக்கிழங்கு. சீனி வருத்தக்காரருக்கு நாங்கள் கண்ணாலும் காட்டாத அதே கிழங்குதான். மீன் 225. கடைசி, வெண்ணெய் போட்டுச் சுடும் குரோசோன் பணிஸ், 47. பழுப்பரிசியும் வெள்ளையரிசியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வந்தன. மொட்டைக்கறுப்பன் என்ற எங்கள் ஊர்ச் சிவப்பரிசிச் சோறு என்று சொல்லிக்கொண்டு மலை மாதிரிக் குவித்தால் அதுவும் மலைதான். பொரித்த கிழங்கை அவித்த கிழங்கின் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.

புரதம் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு, அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது. 2005இல் 19 பேருக்குச் சாப்பாட்டில் புரதத்தின் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30 ஆக்கிவிட்டு, மற்றபடி வேண்டியளவு சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலே அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 440 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ. ஆனால் அவர்கள் இரத்தத்தில் கிரெலின் கூடித்தான் இருந்தது! கிரெலின் ஏறியும் பசி குறைவு. இதைப் படித்த பிறகு, ஒரு ஓமோனை மட்டும் வில்லனாக்கிக் கதை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் "கிரெலினை அடக்கும் ஏழு உணவுகள்" வகையறாவை அப்படியே அழித்துவிடுகிறேன்.

வீட்டில் நான் மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. பயறு, கடலை, கௌப்பி இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் அவியும். சோற்றைக் கடைசிக்குத் தள்ளினேன். இதில் அம்மாவோடு சண்டை. எங்கள் வீட்டில் கோப்பை நடுவில் முதலில் சோறு விழ வேண்டும், கறிகள் அதைச் சுற்றி. நான் முதலில் வறையையும் மீனையும் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சோறு போட்டுக்கொள்ளும்போது அம்மா பார்ப்பார், அன்னத்தை அவமதிக்கிறாள் என்ற மாதிரி. சீனி வருத்தமுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டையே வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மரக்கறியும் கோழியும் முதலில், பாண் கடைசியில் என்றால் இரத்தச் சீனி ஏறுவது நன்றாகக் குறைந்தது. பின்னர் அதே குழு கிரெலினையும் பார்த்தது: மாச்சத்தை முதலில் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்தில் கிரெலின் திரும்பத் தலைதூக்கியது, கடைசியில் சாப்பிட்டவர்களுக்கு அடங்கியே இருந்தது. செலவில்லாத வேலை. அம்மாவின் முகத்தைத் தவிர.

ஆசிரியர் அறையில் வைத்திருக்கும் பிஸ்கட் தகரத்தை நான் திறப்பதில்லை. இது ஒழுக்கம் அல்ல, பயம். 2019இல் கெவின் ஹால் என்பவர் அமெரிக்காவில் 20 பேரை ஒரு மாதம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் பைக்கற்றுச் சாப்பாடு, இரண்டு வாரம் சமைத்த சாப்பாடு. சீனி, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படிதான் தட்டை வைத்தார்கள், வேண்டியதைச் சாப்பிடலாம். பைக்கற்று வாரங்களில் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், ஏறத்தாழ ஒரு கிலோ ஏறினார்கள். சமைத்த சாப்பாட்டு வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். பீவைவை கூடியிருந்தது, கிரெலின் குறைந்திருந்தது. எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2009இல் போர் முடிந்த பிறகு திறந்தபோது வந்த சாமான்களில் இந்தப் பைக்கற்றுகள்தான் கடை வாசலில் முதல் தொங்கின. சோடாப் போத்தலும் கூடவே, இப்போது அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தச் சீனிப் புள்ளியை இலங்கையில் 2016இல் கட்டாயமாக்கினார்கள், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. பிள்ளைகள் அதை எங்கள் அணியின் நிறம் என்று நினைத்துக்கொண்டு குடிக்கிறார்கள்.

நித்திரையையும் சொல்லிவிடுகிறேன். தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் கிழமைகளில் என் கொப்பி முழுக்கக் குழப்பம், ஒடியல் தின்றாலும் பத்து மணிக்குப் பசி. இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்ட 12 இளைஞர்களுக்கு லெப்டின் 18 சதவீதம் இறங்கிக் கிரெலின் 28 சதவீதம் ஏறியதாக 2004இல் ஒரு கட்டுரை. கல்வித் திணைக்களம் இதை வாசித்தால் நல்லது.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சோற்றை அடியோடு விட்டுவிட்டு மீனும் முட்டையும் வெண்ணெயுமாக மூன்று மாதம் இருந்தார். பசியே இல்லை என்று சத்தியம் செய்தார். பொய் இல்லை, உடம்பு கொழுப்பை எரித்துக் கீற்றோன் உண்டாக்கும் நிலையில் இருக்கும்வரை கிரெலின் அவ்வளவாக ஏறுவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சோறு சாப்பிட்டார். பிறகு நடந்ததை அவரே சொல்லட்டும்.

ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் கிழமைக்கு ஒருமுறை ஊசி போடுகிறாள். செமாகுளூடைட். போன மாதம் வீடியோவில் வந்தாள், கன்னம் ஒட்டிப்போய். "அக்கா, பசி எண்ட சாமானே இல்லை. கலியாண வீட்டில பலகாரத் தட்டைப் பாத்தன், சுவரைப் பாத்த மாதிரி இருந்தது." நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊசி வேறொன்றும் இல்லை, குடல் சுரக்கும் அதே ஜீஎல்பி-1இன் நகல்தான். எங்கள் உடம்பில் சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். ஊசியில் வருவதை ஒரு கிழமை தாங்கும்படி செய்திருக்கிறார்கள். 2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் நிறையில் 15 சதவீதம் குறைந்தது. எந்தப் பயறும் எந்த ஒடியலும் இதற்குக் கிட்ட வராது. இதைச் சொல்லாமல் சாப்பாட்டு மகிமை பாடுபவர்கள் ஏமாற்றுகிறார்கள். ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மச்சாளிடம் அதைச் சொன்னபோது, "தெரியும் அக்கா, பிரஷர்க் குளிசையை நிப்பாட்டினாலும் பிரஷர் ஏறுந்தானே?" என்றாள். அவள் என்னைவிடத் தெளிவாகத்தான் இருக்கிறாள். பிரஷர் ஏறினால் யாரும் "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று ஏசுவதில்லை.

எனக்கு ஊசி வேண்டாம் என்று இல்லை. விலையைக் கேட்டேன், பேசாமல் வந்துவிட்டேன்.

இப்போது 72 கிலோ. ஒன்றரை வருடமாக அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது. முள்ளை 67க்குத் திரும்ப இறக்க ஆசைதான், ஆனால் அந்த ஆவணி மாதப் பசிக்கு முன்னால் இன்னொரு முறை நிற்க எனக்குத் தெம்பு இல்லை. பின்னேரம் நாலரைக்குப் பசிக்கும், ஒவ்வொரு நாளும், ஒழுங்காக. அது எந்த அலை, எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்திருப்பதால் முன்பு போலப் பதறுவதில்லை. சில நாள் அது தானாகப் போய்விடும். சில நாள் கடலை ஒரு பிடி.

சஷ்டி முடிந்த பாறணையன்று அம்மாவிடம் இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். பன்னிரண்டு மணி, அந்த ஆறு பேர், 33 மணி நேரம், என் பிரிட்ஜ் இரவு, மெல்பேர்ண். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அதுக்கு என்ன பேர் சொன்னனீ?" சொன்னேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

நேற்றுப் பின்னேரம் விடைத்தாள் கட்டோடு விறாந்தையில் இருந்தேன். உள்ளே கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"நாலரையாப் போச்சு. உனக்கு அந்தக் கிரலன் வந்திட்டுதோ?"

"ஓம் அம்மா."

சீனி போடாத தேத்தண்ணியும், கடிக்க ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டும், ஒரு கோப்பையில் அவித்த கடலையும் கொண்டுவந்து விடைத்தாள்களின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.